மடியில் வளர்ந்த ஜீவன் விடைபெறும்போது: கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் நாய் மணிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன என்று தெரிந்த அன்று மாலை, குடும்ப ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்துத் தெருவில் புற்றுநோயோடு ஒரு சகோதரி படுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பையனுக்கு இரண்டு வருடமாக வேலை இல்லை. அவர்களுக்காக மன்றாடுகிற அதே வாயால் ஒரு நாய்க்காகவும் கேட்பதா? கடைசியில் என் அத்தைதான், கண்ணைத் திறக்காமலே, "ஆண்டவரே, வாசலில் கிடக்கிற அந்தப் பிராணியையும் பாரும்" என்று சொன்னார்கள். அதற்குமேல் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

இதே கூச்சத்தோடு இருக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வீட்டு நாயோ பூனையோ சாகக் கிடக்கிறது. என்ன செய்வது, எப்படி ஜெபிப்பது, எதுவரை வைத்தியம் பார்ப்பது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சபையில் கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம் வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் கூச்சத்தை இறக்கி வையுங்கள்

2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாவீதைக் கண்டிக்க வந்த நாத்தான், ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்கிறார். அது அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்திலே குடித்து, அவன் மடியிலே படுத்துக்கொண்டு, "அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது." இதைக் கேட்டதும் ராஜாவுக்குக் கோபம் மூண்டது. ஒரு குட்டியைப் பறிகொடுத்தவனின் வலி எவருக்கும் புரியும் என்ற நம்பிக்கையில்தான் தீர்க்கதரிசி அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஏழையை வேதம் எங்கும் கேலி செய்யவில்லை. "நாயைப் போய்ப் பிள்ளை மாதிரி வளர்க்கிறாயே" என்று யாராவது சொன்னால், "மகளைப்போல" என்ற சொல் வேதத்திலேயே இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யோனாவின் புத்தகம் முடிவதும் ஒரு கேள்வியோடுதான். இலட்சத்து இருபதினாயிரம்பேருக்கு அதிகமான மனுஷரும், "அநேக மிருகஜீவன்களும்" இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிறார். அந்த நகரத்தின் ஆடுமாடுகளையும் அவர் கணக்கில் வைத்திருந்தார். அடைக்கலான் குருவிகளைப் பற்றி லூக்கா 12:6இல் இயேசு சொன்னதும் நமக்குத் தெரியும். அவற்றில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை. ஆகவே உங்கள் நாயின் பெயரைச் சத்தமாகவே சொல்லி ஜெபியுங்கள். புற்றுநோயோடு படுத்திருக்கிற சகோதரிக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

2. மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்

பயத்தில் நாம் பாதிக் கேள்விகளைக் கேட்காமலே திரும்பிவிடுகிறோம். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. நோய் என்ன? குணமாகக் கூடியதா, வேதனையை மட்டும் குறைக்க முடியுமா? இப்பொழுது இதற்கு எவ்வளவு வலி இருக்கிறது? முடிவு எப்படி வரும்: மூச்சுத் திணறலாகவா, வலிப்பாகவா, தூக்கம்போலவா? நடுராத்திரியில் மோசமானால் யாரை அழைப்பது? செலவு எவ்வளவு?

ஒருவர் சொன்னதில் தெளிவு இல்லையென்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களிலும் அரசுக் கால்நடைக் கல்லூரிகள் இருக்கின்றன. செலவு கட்டுப்படியாகாதவர்கள் தனியார் மருத்துவமனையோடு நின்றுவிடாமல் அங்கேயும் போய்க் கேட்கவேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2418ஆம் பத்தி இரண்டு பக்கமும் பேசுகிறது. மிருகங்களைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே விரோதம் என்கிறது. மனிதரின் துயர் துடைக்க முதலில் போகவேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடுவது தகாது என்றும் சொல்கிறது. எந்தச் சபையைச் சேர்ந்தவர்களுக்கும் இது நிதானமான அறிவுரை என்றே நினைக்கிறேன். மகளின் கல்லூரிக் கட்டணத்தை எடுத்து, பிழைக்க வாய்ப்பில்லாத ஓர் அறுவை சிகிச்சைக்குக் கட்டவில்லை என்பதற்காக நீங்கள் கல்நெஞ்சர் ஆகிவிடமாட்டீர்கள். ஆனால் வலிமருந்துக்குக் கொடுக்கிற சில நூறு ரூபாயில் கை இறுக்கவேண்டாம்.

3. வீட்டிலே பணிவிடை செய்யும் முறை

"நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்" என்கிறது நீதிமொழிகள் 12:10. பிழைக்க வைக்க முடியாத கட்டத்தில் இந்த வசனம் என்னைக் குத்தியது. காப்பாற்ற முடியவில்லையே, அப்படியானால் நான் யார்? நாள்கள் போகப்போகத்தான் புரிந்தது. ஈரத்துணியை மாற்றுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், ஈ மொய்க்காமல் விசிறுவதும் காப்பாற்றுவதுதான். எருதுக்கும் கழுதைக்கும் ஓய்வுநாள் வைத்த கர்த்தர், நோயுற்ற பிராணிக்கு நாம் விரிக்கிற சாக்கையும் பார்க்கிறார்.

படுக்கை: தரையில் வெறும் சாக்குப் போதாது. பழைய மெத்தை அல்லது மடித்த போர்வைமேல் பருத்திச் சேலையை விரித்து, அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வையுங்கள். எழுந்திருக்க முடியாத பிராணியை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் முழங்கையிலும் படுக்கைப்புண் வந்துவிடும். குடும்பம் புழங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், ஆனால் காலடி படாத மூலையில் வையுங்கள். பூனை தானாகவே போய் ஒளிந்துகொள்ளும். அதை இழுத்துக்கொண்டு வரவேண்டாம். தண்ணீரையும் துணியையும் அது இருக்கும் இடத்துக்கே கொண்டுபோங்கள்.

உணவு: வற்புறுத்தவே கூடாது. வெதுவெதுப்பாக்கினால் மணம் கூடும், கொஞ்சம் சாப்பிடலாம். சிறுநீரகம், ஈரல், சர்க்கரை நோய் என்றால் எது கொடுக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். தானாக விழுங்க முடிந்தால் மட்டும், ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயின் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடலாம். விழுங்க முடியாத பிராணிக்கு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். அப்பொழுது ஈரப் பஞ்சால் உதட்டையும் ஈறையும் நனைத்தாலே போதும்.

மருந்து: இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நாம் தலைவலிக்குப் போட்டுக்கொள்கிற பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாசத்தால் கொடுக்கிற அரை மாத்திரை கடைசி நாள்களை நரகமாக்கிவிடும். வலிமருந்து கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்ததாகவே இருக்கவேண்டும்.

மூச்சு: அது தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாய்க்கு நிமிடத்துக்கு 30க்குமேல் தொடர்ந்து போனால் இதயமோ நுரையீரலோ சிரமப்படுகிறது என்று பொருள். மருத்துவரை அழையுங்கள்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாகவேண்டும். தடுப்பூசி போடாத நாய் திடீரென்று குணம் மாறி, எச்சில் ஒழுகி, விழுங்கத் தவித்து, கண்டதையும் கடித்தால் அது வெறிநோயாக இருக்கலாம். மடியில் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். கடியோ கீறலோ எச்சிலோ பட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலிக்காய்ச்சல் வந்த நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

4. நாள்களை எண்ணுவதற்கு ஒரு தாள்

தினமும் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சரிவு தெரியாது. நேற்றைக்கு இன்று பரவாயில்லை என்றே மனம் சொல்லிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் பிராணிகளுக்குப் புற்றுநோய் மருத்துவம் செய்துவந்த ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் இதற்கு ஓர் அளவுகோலை வகுத்தார். ஏழு விஷயங்கள்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். நல்ல நிலைக்குத்தான் பெரிய எண். கூட்டினால் 35க்குமேல் இருந்தால் இன்னும் பணிவிடை செய்துகொண்டு போகலாம் என்பது அவர் கணக்கு.

எங்கள் வீட்டில் இதைவிட எளிதாக ஒன்று செய்தோம். மணிக்குப் பிடித்த மூன்று காரியங்களை எழுதினோம்: பால்காரர் மணிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடுவது, மீன்தலைச் சோறு, என் மகன் காலடியில் படுப்பது. நாள்காட்டியில் தினமும் மூன்றில் எத்தனை நடந்தது என்று குறித்தோம். முதலில் ஓட்டம் போயிற்று. ஒரு வாரத்தில் மீன்தலைச் சோறும். பிறகு ஒருநாள் மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தும் அவன் தலையைத் தூக்கவில்லை. அன்று குறிக்க ஒன்றும் இல்லை.

5. ஊசி போடுவது பாவமா?

பிழைக்க வழியில்லாத பிராணியை மருத்துவர் ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைப்பதைப் பத்திரிகைகளில் கருணைக்கொலை என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லில் இருக்கிற "கொலை" பல விசுவாசிகளைத் தூங்கவிடுவதில்லை. "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளையை மீறுகிறோமோ என்று நானும் நான்கு நாள் தவித்தேன்.

வேதம் மனித உயிருக்கு ஏன் தனி வேலி போடுகிறது என்று ஆதியாகமம் 9:6 சொல்கிறது: மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டான். மனிதருக்கு இதைச் செய்யக்கூடாது என்று சபைகள் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. மிருகத்துக்கு அந்தக் கட்டளை நீளவில்லை. அதே அதிகாரத்தின் 3ஆம் வசனத்தில் மிருகங்கள் ஆகாரமாகவே கொடுக்கப்படுகின்றன. மிருகத்தைப் பற்றி வேதம் நம்மிடம் கேட்பது இரக்கம். சத்துருவின் கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடந்தால்கூட விட்டுப்போகாதே என்கிறது யாத்திராகமம் 23:5. குணமாக வழியே இல்லாமல், மருந்துக்கும் அடங்காத வேதனையில் கிடக்கிற பிராணிக்கு மருத்துவர் அமைதியான முடிவைத் தருவது அந்த இரக்கத்துக்குள் அடங்கும் என்றே நான் நம்புகிறேன். மனச்சாட்சி ஒத்துக்கொள்ளாதவர்களை நான் வற்புறுத்தமாட்டேன். அவர்கள் வலியடக்கும் மருந்தோடு இயற்கை முடிவுக்குக் காத்திருக்கலாம். ஆனால் மருந்தும் கொடுக்காமல், ஊசியும் போடாமல், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று கைகட்டி நிற்பதை விசுவாசம் என்று சொல்லக்கூடாது.

மணியின் விஷயத்தில் நான் இரண்டு நாள் தாமதித்துவிட்டேன். இன்னும் ஒரு ஜெபம், இன்னும் ஒரு ராத்திரி என்று தள்ளினேன். அந்த இரண்டு நாளும் அவன் வாந்தி எடுத்துக்கொண்டே கிடந்தான். காத்திருந்தது அவனுக்காக அல்ல, எனக்காக என்று பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயம் குறையும். நல்ல முறையில் செய்கிற மருத்துவர் முதலில் மயக்க ஊசி போடுவார். சில நிமிடங்களில் பிராணி ஆழ்ந்து தூங்கிவிடும். பிறகு இரத்தக்குழாய் வழியாக மயக்கமருந்தை அதிக அளவில் செலுத்துவார். ஓரிரு நிமிடங்களில் மூச்சும் இதயமும் நின்றுவிடும். கண்கள் திறந்தே இருக்கும். பிறகு ஒன்றிரண்டு முறை உடல் மூச்சிழுப்பதுபோல அசையலாம், சிறுநீர் பிரியலாம். உயிர் போனபிறகு நடக்கிற தசை அசைவு அது. அப்பொழுது அதற்கு வலி இல்லை.

மருத்துவரிடம் "முதலில் மயக்க ஊசி போடுவீர்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருவாரா, பக்கத்தில் இருக்கலாமா என்றும் கேளுங்கள். மருத்துவர் அல்லாத எவர் கையிலும் விடாதீர்கள். இதயத்தில் ஸ்டிரிக்னின் விஷத்தை ஏற்றிக் கொல்வதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமே குற்றம் என்கிறது.

6. எப்படி ஜெபிப்பது

குணமாக்கும்படி கேட்பதில் தவறே இல்லை. கேளுங்கள். குணமாகவில்லையென்றால் உங்கள் விசுவாசம் குறைவு என்று எவரும் தீர்ப்புச் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். "நீர் அவைகளின் சுவாசத்தை வாங்கிக்கொள்ள, அவைகள் மாண்டு, தங்கள் மண்ணுக்குத் திரும்பும்" என்கிறது சங்கீதம் 104:29. சுவாசத்தை வாங்கிக்கொள்கிறவர் யார் என்று பாருங்கள். கொடுத்தவர்தான்.

நம் ஊரில் இன்னொரு பேச்சு உண்டு. "வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை அந்த நாய் வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்பார்கள். ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார்கள், கோபப்படவேண்டாம். ஆனால் விசுவாசிகள் இதை ஏற்கத் தேவையில்லை. நமக்காகப் பாடுகளைச் சுமந்தவர் ஒருவரே. அதை அவர் சிலுவையில் ஒரே தரம் செய்து முடித்தார். உங்கள் நாய் உங்களுக்காகப் பலியாகவில்லை. வயதாயிற்று, நோய் வந்தது, அவ்வளவுதான்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் பங்குத்தந்தையிடம் மந்திரித்துத் தரும்படி கேட்கலாம். மிருகங்களுக்கு ஆசீர் வழங்கும் செபமுறை திருச்சபையில் இருக்கிறது. ஜனவரி 17, வனத்து அந்தோணியார் திருநாளில் ஆடுமாடுகளை மந்திரிப்பதும், அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாளில் வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுவருவதும் பழைய வழக்கம். மற்ற சபையார் போதகரை வீட்டுக்கு அழைத்து ஜெபிக்கச் சொல்லலாம். அவர் தயங்கினால் மனம் நோகவேண்டாம். வீட்டுத் தலைவரோ தலைவியோ ஜெபித்தால் போதும். நாங்கள் ஜெபித்தது ஏறக்குறைய இப்படி:

"கர்த்தாவே, இந்த ஜீவனை உண்டாக்கினவர் நீர். எங்கள் வீட்டுக்குக் கொடுத்தவரும் நீர். இத்தனை வருடம் எங்கள் வாசலைக் காத்தது, எங்கள் பிள்ளைகளோடு விளையாடியது. அதற்காக உமக்கு ஸ்தோத்திரம். நாங்கள் கோபத்தில் அடித்த அடிகளையும், சோறு வைக்க மறந்த இரவுகளையும் மன்னியும். இதன் வேதனையைக் குறைத்தருளும். நீர் கொடுத்த சுவாசத்தை நீர் வாங்கிக்கொள்ளும் நேரத்தில் நாங்கள் பக்கத்தில் இருக்கக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்."

அடித்த அடிகளைச் சொன்னபோது என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வரியை விடாதீர்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டால் பின்னால் நெஞ்சில் முள்ளாக நிற்காது.

7. பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள்

"ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று பொய் சொல்லாதீர்கள். "தூங்கிவிட்டான்" என்றும் சொல்லவேண்டாம். சிறு பிள்ளை அன்றிரவு தூங்கவே பயப்படும். "இயேசு கூட்டிக்கொண்டுபோய்விட்டார்" என்றால், அடுத்து அம்மாவையும் கூட்டிக்கொண்டுபோவாரோ என்று பயந்து இயேசுவின்மேலேயே கோபம் வரும்.

"மணிக்கு மிகவும் உடம்பு சரியில்லை, டாக்டரால் குணமாக்க முடியவில்லை, அவன் செத்துப்போவான். அவன் உடம்பு நின்றுவிடும், பிறகு அவனுக்கு வலிக்காது. நாம் எல்லோரும் அழுவோம், அது சரிதான்" என்று சொன்னால் போதும். லாசருவின் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டதை அன்றிரவு வாசித்துக் காட்டுங்கள். சில நிமிடத்தில் அவனை எழுப்பப்போகிறவரே அழுதார் என்பதைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்.

8. கடைசி மணி நேரம்

பாதங்கள் குளிரும். ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ போகும். இரண்டு மூச்சுக்கு நடுவே இடைவெளி நீளும். அந்த நேரத்தில் கூட்டம் வேண்டாம், டிவி வேண்டாம், ஓங்கிய அழுகையும் வேண்டாம். அதற்குப் பழகின ஒரு குரல் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் போதும். காதடியில் கை வைத்திருங்கள். எங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் துணி மடிக்கும்போது பாடுகிற கீர்த்தனையையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அவனுக்கு 13 வருடப் பழக்கம்.

மூச்சு நின்றபின் சில நிமிடம் காத்திருந்து, நெஞ்சில் கை வைத்து உறுதிசெய்யுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும் என்பதால், அதற்குமுன் கால்களை மெல்ல மடக்கிப் படுத்திருக்கும் வாகில் வையுங்கள். வேறு நாய் இருந்தால் வந்து முகர்ந்து பார்க்க விடுங்கள். தொற்றுநோயால் இறந்திருந்தால் மட்டும் விடவேண்டாம்.

9. அடக்கம்

நம் வெயிலில் அன்றைக்கே அடக்கம் செய்துவிடவேண்டும். சொந்த நிலம் இருந்தால் கிணற்றுக்கும் தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கும் தள்ளி, மூன்று நான்கு அடி ஆழக் குழி. பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். ஊசி போட்ட உடலில் மருந்து தங்கியிருக்கும். தெருநாயோ நரியோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும். ஆகவே ஆழத்தில் குறை வைக்காதீர்கள், மேலே கல்லும் வையுங்கள். அடுக்குமாடி வீட்டார் மாநகராட்சி சுகாதார அலுவலகத்தையோ கால்நடை மருத்துவமனையையோ முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளவேண்டும்.

கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கவேண்டாம். மனிதருக்கான அடக்க ஆராதனையை அப்படியே நடத்தவும் வேண்டாம்; அதன் வார்த்தைகள் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் உரியவை. குழியருகே சங்கீதம் 104இன் 24 முதல் 30 வரை வாசித்து, ஆளுக்கு ஒரு ஞாபகம் சொல்லி, ஒரு பாட்டுப் பாடி, ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டால் நிறைவாக இருக்கும்.

10. பரலோகத்தில் பார்ப்போமா?

இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்பார்கள். நீங்களும் ராத்திரியில் உங்களையே கேட்டுக்கொள்வீர்கள். சபையில் யாராவது ஒருவர் வெளிப்படுத்தல் 22:15ஐ எடுத்து, "நாய்கள் புறம்பே" என்று வேதமே சொல்கிறதே என்பார். அந்தப் பட்டியலை முழுதாக வாசியுங்கள்: சூனியக்காரர், விபசாரக்காரர், கொலைபாதகர், விக்கிரகாராதனைக்காரர், பொய்யர். எல்லாம் மனிதர்கள். அங்கே "நாய்" என்பது துன்மார்க்கருக்கு வைத்த வசைப்பெயர். பிலிப்பியர் 3:2இல் பவுல் எழுதுவதும் அப்படியே. உங்கள் வாசலைக் காத்த பிராணியைப் பற்றிய வசனம் அல்ல அது. லூக்கா 16இல் ஐசுவரியவான் வாசலில் கிடந்த லாசரு என்ற வேறொரு தரித்திரனிடம் வந்தது யார்? அந்த வீட்டார் அல்ல. நாய்கள் வந்து அவன் பருக்களை நக்கின.

ஆனால் மறுபக்கமும் மிகைப்படுத்தக்கூடாது. மிருகங்கள் பரலோகம் போகும் என்று நேராகச் சொல்லும் வசனம் இல்லை. "மிருகங்களுடைய ஆவியை அறிகிறவன் யார்" என்று பிரசங்கி 3:21 கேள்வியாகவே விடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், மிருகத்தின் ஆத்துமா உடலோடு முடிந்துவிடுகிறது என்றார். 18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ரோமர் 8:19–22ஐ வைத்து ஒரு பிரசங்கமே எழுதி, மிருகங்களும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு முன்னிலும் மேலான நிலை பெறும் என்று எதிர்பார்த்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் "இறைவா உமக்கே புகழ்" மடலின் 243ஆம் பத்தியில், நித்திய வாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளியோடு உருமாறித் தன் இடத்தைப் பெறும் என்று எழுதினார்.

ரோமர் 8 சொல்வது இவ்வளவு: சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவிக்கிறது, அந்தத் தவிப்புக்கு ஒரு விடுதலை வைக்கப்பட்டிருக்கிறது. அதில் மணி இருப்பானா என்று என் மகன் கேட்டான். "எனக்குத் தெரியாது, ஆனால் அவனை உண்டாக்கினவருக்கு அவனை மறக்கத் தெரியாது" என்றேன். வேதம் எனக்குக் கொடுத்த உறுதி அதுவரைதான். அதற்குமேல் சொன்னால் பிள்ளைக்குச் சொந்த வார்த்தையை வேதவார்த்தைபோலக் கொடுத்தவளாவேன்.

11. பிறகு வரும் நாள்கள்

முதல் வாரம் கை தானாகவே அவன் தட்டைத் தேடும். கேட்டைத் திறக்கும்போது கால் கவனமாகத் தூக்கி வைக்கும். வாலாட்டும் சத்தம் கேட்டதுபோல இருக்கும். இதில் எதுவும் பைத்தியக்காரத்தனம் அல்ல. துக்கம் விசுவாசத்துக்கு விரோதமும் அல்ல. தனியாக வாழும் முதியவர்களுக்கு இது இன்னும் கடினம். பேச்சுத்துணைக்கு இருந்த ஒரே ஜீவன் போயிருக்கும். உங்கள் சபையில் அப்படி ஒருவர் இருந்தால், "நாய்தானே" என்று சொல்லாமல், ஒரு மாலை போய்க் காபி குடித்து, அதன் பெயர் சொல்லி விசாரித்துவிட்டு வாருங்கள். சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் வாரக்கணக்கில் போனால் மனநல மருத்துவரைப் பார்க்க அழைத்துச் செல்லுங்கள்.

"நான் இன்னும் முன்னாலேயே கவனித்திருக்கவேண்டும்" என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். நாயும் பூனையும் நோயை மறைத்துக்கொள்ளும் இனம்; தெரியும்போது நாள் கடந்திருக்கும். உண்மையில் தவறு செய்திருந்தால், என் இரண்டு நாள் தாமதத்தைப்போல, அதை ஒருமுறை ஆண்டவரிடம் அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள். தினமும் திரும்ப எடுக்கவேண்டாம்.

பார்வோ, டிஸ்டெம்பர்போன்ற தொற்றால் இறந்திருந்தால் தட்டையும் படுக்கையையும் எரித்துவிட்டு, தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, மருத்துவர் சொல்லும் காலம் கழியும்வரை புதுக் குட்டி வேண்டாம். மற்றபடி அடுத்த பிராணிக்குக் கணக்கு இல்லை. சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு ஒருபோதும் இல்லை. பிள்ளையின் அழுகையை நிறுத்துவதற்காக மட்டும் மறுநாளே வாங்கி வராதீர்கள்.

எங்கள் வீட்டில் இன்னும் எதுவும் வளர்க்கவில்லை. ராத்திரி மீந்த சோற்றை அத்தை மணியின் பழைய அலுமினியத் தட்டில் போட்டு கேட்டுக்கு வெளியே வைக்கிறார்கள். ஒரு கறுப்புத் தெருநாய் ஒன்பது மணிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது. அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட அடுத்த வாரம் ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.